கழுத்துத் தமனி அடைப்பு: கண்டதும் நீக்கியே ஆக வேண்டுமா?

மூளைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் நான்கு தமனிகளில் பெரியவை, கழுத்தின் இருபுறமும் ஏறும் கரோட்டிட் தமனிகள். தாடைக் கோணத்துக்குச் சற்றுக் கீழே இவை இரண்டாகப் பிரியும் இடத்தில்தான் கொழுப்பும் சுண்ணாம்புச் சத்தும் கலந்த படிவு அதிகம் சேர்கிறது. டாப்ளர் ஸ்கேனில் அது தெரிந்துவிட்டால் பக்கவாதம் வாசலில் நிற்கிறது என்றும், அறுவை சிகிச்சையாலோ ஸ்டென்டாலோ உடனே சரிசெய்தாக வேண்டும் என்றும் பரவலாக நம்பப்படுகிறது. இந்த நம்பிக்கைக்கு ஆதாரமாகச் சொல்லப்படும் வாதங்கள் ஐந்து. ஒவ்வொன்றாகப் பார்த்தால் எதுவும் முழுதாக நிற்பதில்லை.

முதல் வாதம்: குழாய் சுருங்கினால் ரத்தம் குறையும், குறைந்தால் மூளை சாகும். தண்ணீர்க் குழாய்க்கு இது பொருந்தலாம். மூளையின் அடியிலோ நான்கு தமனிகளும் வில்லிஸ் வளையம் என்ற இணைப்பில் கூடுகின்றன. ஒரு பக்கம் மெல்ல மெல்ல அடைபட்டால் மறுபக்கத்து ரத்தம் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். ஒரு பக்கக் கரோட்டிட் முழுதாக மூடியிருந்தும் எந்தக் குறையும் இல்லாமல் நடமாடுபவர்கள் உண்டு. அப்படி முழுதும் மூடிய தமனியைப் பொதுவாகத் திறப்பதும் இல்லை. கரோட்டிட் நோயால் வரும் பக்கவாதங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் வேறு. படிவின் மேலுறை கிழிகிறது; அங்கே ரத்தம் உறைகிறது; உறைகட்டியின் துணுக்கு மேலே போய் மூளையின் சிறு தமனியை அடைக்கிறது. ஆகவே படிவு எவ்வளவு பெரியது என்பதைப் போலவே அது எவ்வளவு நிலையாக இருக்கிறது என்பதும் முக்கியம்.

இரண்டாம் வாதம்: 70 சதவீதத்தைத் தாண்டினால் அறுவை சிகிச்சைதான். இதற்கு மூலம், 1991இல் வெளியான வட அமெரிக்க ஆய்வான நாஸ்செட். 70 முதல் 99 சதவீத அடைப்பு உள்ளவர்களில், மருந்து மட்டும் பெற்றவர்களில் 26 சதவீதத்தினருக்கு இரண்டு ஆண்டுகளில் அதே பக்கத்தில் பக்கவாதம் வந்தது. அறுவை சிகிச்சை பெற்றவர்களில் அது 9 சதவீதம்தான். ஆனால் அந்த ஆய்வில் சேர்ந்த அனைவரும் அதற்குச் சற்று முன்பே தற்காலிகப் பக்கவாதமோ சிறு பக்கவாதமோ கண்டவர்கள். எந்த அறிகுறியும் இல்லாமல் தற்செயலாக ஸ்கேனில் அடைப்பு தெரிந்தவருக்கு இந்த எண்களைப் பொருத்துவது தவறு. 1995இல் வெளியான ஏகாஸ் ஆய்வு அத்தகையவர்களைப் பற்றியது. அதில் ஐந்தாண்டு ஆபத்து மருந்துக் குழுவில் 11 சதவீதம், அறுவை சிகிச்சைக் குழுவில் 5.1 சதவீதம். அதாவது ஒரு பக்கவாதத்தைத் தடுக்க ஏறக்குறைய 17 பேருக்கு அறுவை சிகிச்சை செய்ய வேண்டும். அறிகுறி என்பதிலும் குழப்பம் இருக்கிறது. ஒரு பக்கக் கை கால் மரத்தோ தளர்ந்தோ போவது, பேச்சு குழறுவது, ஒரு கண்ணில் மட்டும் திரை விழுந்ததுபோலப் பார்வை மறைவது ஆகியவையே கரோட்டிட் நோயின் அறிகுறிகள். தலைச்சுற்றலோ மயக்கமோ மட்டும் இருந்தால் அதற்குக் கரோட்டிட் அடைப்பு காரணமாவது அரிது.

மூன்றாம் வாதம்: மாத்திரை அடைப்பைக் கரைக்காது, எனவே பயனில்லை. மாத்திரையின் வேலை கரைப்பதன்று. ஸ்டாட்டின் படிவின் அழற்சியைத் தணித்து மேலுறையை உறுதியாக்குகிறது. ஆஸ்பிரின் போன்றவை ரத்தத் தட்டுகள் ஒட்டிக்கொள்வதைத் தடுக்கின்றன. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் இருந்து, புகையும் நின்றால் ஆபத்து இன்னும் இறங்குகிறது. ஏகாஸ் நடந்த காலத்தில் இந்த அளவு மருந்துச் சிகிச்சை கிடையாது. 70 சதவீதத்துக்கு மேல் அடைப்பிருந்தும் அறிகுறியில்லாதவர்களை ஆராய்ந்த கிரெஸ்ட்-2, 2025இல் வெளியானது. ஸ்டென்ட் ஒப்பீட்டில், தீவிர மருந்துச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் நான்கு ஆண்டுகளில் 6 சதவீதத்தினர் பாதிக்கப்பட்டனர். ஸ்டென்டும் சேர்த்துப் பெற்றவர்களில் 2.8 சதவீதத்தினர். அறுவை சிகிச்சை ஒப்பீட்டில் 5.3, 3.7 என்று வந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவில் நின்றது. ஸ்டென்டால் பலன் உண்டு என்பதை இது காட்டுகிறது. கூடவே, மருந்தோடு மட்டும் இருந்தவர்களில் 100க்கு 94 பேர் தப்பினார்கள் என்பதையும் காட்டுகிறது.

நான்காம் வாதம்: ஸ்டென்ட் வைப்பது சின்ன வேலை, ஆபத்தில்லை. எந்தப் பக்கவாதத்தைத் தடுக்கச் செய்கிறார்களோ, அதே பக்கவாதத்தைச் சிகிச்சையே உண்டாக்கக்கூடும். 2010இல் வெளியான கிரெஸ்ட் ஆய்வில், சிகிச்சையை ஒட்டிய நாள்களில் பக்கவாதம் கண்டவர்கள் ஸ்டென்ட் பெற்றவர்களில் 4.1 சதவீதம், அறுவை சிகிச்சை பெற்றவர்களில் 2.3 சதவீதம். மாரடைப்பில் இந்த நிலை தலைகீழானது. அறிகுறியற்றவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்யும் இடத்தில் பக்கவாதமும் மரணமும் சேர்ந்து 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று வழிகாட்டு நெறிகள் சொல்வது இதனால்தான். மண்டையோட்டுக்குள் இருக்கும் தமனிகளில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். மேலை நாட்டவரைவிட ஆசியர்களிடம் இந்தவகை அடைப்பு அதிகம். 2011இல் வெளியான சாம்ப்ரிஸ் ஆய்வில், அங்கே ஸ்டென்ட் வைக்கப்பட்டவர்களில் 14.7 சதவீதத்தினர் 30 நாள்களுக்குள் பக்கவாதம் கண்டனர் அல்லது இறந்தனர். மருந்துக் குழுவில் அது 5.8 சதவீதம்.

ஐந்தாம் வாதம்: எல்லோரும் கழுத்து ஸ்கேன் எடுத்துக்கொள்வது நல்லது. பொதுமக்களில் பெரிய அடைப்பு உள்ளவர்கள் சிலரே என்பதால் தவறான முடிவுகளின் பங்கு கூடுகிறது. அவை தேவையற்ற ஆஞ்சியோவுக்கும் அறுவை சிகிச்சைக்கும் இழுத்துச்செல்கின்றன. அறிகுறியில்லாத பொதுமக்களுக்கு இந்தப் பரிசோதனை வேண்டாம் என்று அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2014இல் சொன்னதை 2021இலும் உறுதிசெய்தது.

'உடனே' என்ற சொல் பொருந்தும் இடமும் உண்டு. தற்காலிகப் பக்கவாதம் வந்து, அதே பக்கக் கரோட்டிடில் 70 சதவீதத்துக்கு மேல் அடைப்பு இருப்பவருக்கு இரண்டு வாரங்களுக்குள் அறுவை சிகிச்சை செய்வதே சிறந்தது. தள்ளிப்போடப்போடப் பலன் குறையும். 50 முதல் 69 சதவீதம் வரை பலன் மிதமானது. 50க்குக் கீழே பலன் இல்லை. அறிகுறியே இல்லாதவருக்கு மருந்துச் சிகிச்சை அடித்தளம். அதற்கு மேல் ஸ்டென்டோ அறுவை சிகிச்சையோ வேண்டுமா என்பதை வயது, எஞ்சிய ஆயுள், படிவின் தன்மை, செய்யும் குழுவின் சிக்கல் விகிதம் ஆகிய நான்கையும் வைத்து நிதானமாக முடிவுசெய்ய அவகாசம் இருக்கிறது.