வியாழக்கிழமை வரிசை

வியாழக்கிழமைகளில் பெங்களூர் விவேக் நகருக்குப் போகும் பஸ்ஸில் நிற்க இடம் கிடைத்தாலே பெரிது. அங்குள்ள குழந்தை இயேசு ஆலயத்தில் தமிழ், கன்னடம், ஆங்கிலம் என்று மாறி மாறிப் பூசை நடக்கும். மெழுகுவர்த்தியும் மாலையுமாக வரிசை வெளியே வரை நீளும். விபூதி பூசியவர்களும் அந்த வரிசையில் உண்டு. பக்கத்து ஆஸ்டின் டவுனில் பிறந்து வளர்ந்த அந்தப் பெண், பரீட்சைக்கு முன்பும் முதல் வேலைக்கு முன்பும் அப்பாவின் ஆபரேஷனுக்கு முன்பும் அதில் நின்றவர்தான். 27 வயதில், அந்தச் சுரூபத்தின் மூலம் இருக்கும் ப்ராக் நகருக்கு, முதுகில் ஒரு பையோடு தனியாகக் கிளம்பினார். பக்திக்காக அல்ல, ஊர் சுற்ற.

வீட்டில் ஒரு வாரம் பேச்சில்லை. கல்யாணத்துக்குச் சேர்த்த காசு என்பது அம்மாவின் கணக்கு. தன் சம்பளம் என்பது மகளின் கணக்கு. செக் குடியரசு 2007 டிசம்பரிலிருந்து ஷெங்கன் வட்டாரத்தில் இருக்கிறது. விசாவுக்கு 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவ இன்சூரன்ஸ், வங்கிக் கணக்கு, தங்குமிடச் சீட்டு, ஆபீஸில் லீவு கொடுத்த கடிதம் என்று எல்லாம் சேர்ந்து பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்த அன்றுதான் அம்மா வாய் திறந்தார்: "போறதுதான் போற, அந்தக் கோயில்ல ஒரு மெழுகுவர்த்தி ஏத்திட்டு வா."

செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ப்ராக். மெட்ரோ டிக்கெட்டை வாங்கிப் பத்திரமாகப் பர்ஸில் வைத்துக்கொண்டு படியிறங்கப் போனவரை ஒரு பாட்டி தோளைத் தட்டி நிறுத்தி, மஞ்சள் மெஷினைக் காட்டினார். டிக்கெட்டை அதில் நுழைத்து நேரம் பதிக்காவிட்டால் அபராதம். அன்று முழுக்க அவரிடம் ஒருவர் அக்கறையாக நடந்துகொண்டது அந்த ஒரு முறைதான்.

மற்றபடி பட்டியல். செக் நாட்டில் யூரோ இல்லை, கொருனா. ஒன்று சுமார் நான்கு ரூபாய். காசு மாற்றும் கடைகளில் 'கமிஷன் இல்லை' என்ற பலகையை நம்பி ஏமாந்தவர்கள் ஏராளம். அதனால்தான் 2019-இல் ஒரு சட்டம் வந்தது. 1,000 யூரோ வரை மாற்றியதை மூன்று மணி நேரத்துக்குள் ரத்து செய்து திரும்பக் கேட்கலாம். பழைய நகரச் சதுக்கத்தில் 1410-ஆம் வருடத்துக் கடிகாரம். மணி அடித்ததும் எலும்புக்கூடு கயிற்றை இழுக்க, அப்போஸ்தலர்கள் ஜன்னலில் தலைகாட்டி நகர்ந்தார்கள். அண்ணாந்து செல்போனைத் தூக்கியிருந்த கூட்டம் சட்டென்று கலைந்தது. தெருவெல்லாம் 'பழங்கால போஹீமியப் பலகாரம்' என்று சுருள் சுருளாகச் சுட்டு விற்கிறார்கள். ப்ராக்கின் பாட்டிகள் அதைச் சுட்டதில்லை. டூரிஸ்டுகளுக்காகச் சமீப காலத்தில் வந்த சரக்கு அது.

தனியாகப் போவதில் சொல்லப்படாத சங்கடங்கள் சில்லறையானவை. கழிப்பறைக்குப் போனால் பையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. போட்டோ எடுக்க யாரையாவது கெஞ்ச வேண்டும். ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருக்கும் ஓட்டலுக்குள் நுழையக் கால் வராது. முதல் நாள் இரவு எட்டுக் கட்டில் போட்ட அறையில், ரொட்டியும் சீஸும்தான் சாப்பாடு. மறுநாள் பகலெல்லாம் கோட்டை, மியூசியம் என்று நடந்தும் யாரிடமும் பத்து வார்த்தை பேசவில்லை. இரவு போர்வைக்குள் செல்போன் வெளிச்சத்தில், திரும்பும் டிக்கெட்டை முன்னதாக மாற்ற எவ்வளவு ஆகும் என்று பார்த்தார். பத்து நாள் பயணத்தில் இரண்டு நாள் முடிந்திருந்தது. தொகையைப் பார்த்துவிட்டு, தம்பிக்கு மட்டும் மெசேஜ் அனுப்பினார்.

மூன்றாம் நாள் தூக்கம் பிடிக்காமல் விடியும் முன்பே சார்லஸ் பாலத்துக்குப் போனார். 1357-இல் அடிக்கல் நாட்டப்பட்ட பாலம், 516 மீட்டர் நீளம், இருபுறமும் முப்பது சிலைகள். பகலில் தோளோடு தோள் உரசும் இடம், அந்நேரம் காலியாக இருந்தது. ஒரு சிலையின் அடியில், தோளில் பாரம் தாங்கி நிற்பவர்களில் ஒருவர் இந்தியராம். மேலே நிற்பவர் புனித சவேரியார். 1542-க்குப் பிறகு தூத்துக்குடிக் கடற்கரையில் தமிழில் ஜெபம் சொல்லிக்கொடுத்த அதே சவேரியார். பிரோகோஃப் என்ற சிற்பி 1711-இல் செய்த சிலை 1890 வெள்ளத்தில் ஆற்றில் விழுந்துவிட்டது. இப்போது இருப்பது நகல். வீட்டுச் சுவரில் வருடாவருடம் காலண்டர் படமாகத் தொங்கியவரை இங்கே பார்த்ததும் முதல் முறையாகச் சிரிப்பு வந்தது.

அவருக்குத் தெரியாத இன்னொரு உறவும் அந்த ஊரில் உண்டு. 1348-இல் தோன்றிய சார்லஸ் பல்கலைக்கழகத்தில் படித்துத் தமிழறிஞரானவர் கமில் சுவெலபில். 1927-இல் ப்ராக்கில் பிறந்தவர். 1968 ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் நகருக்குள் வந்த பிறகு நாட்டை விட்டு வெளியேறி, கடைசி வரை வெளியூர்களில் இருந்தே தமிழைப் பற்றி எழுதினார். தமிழுக்காக இத்தனை செய்தவரின் ஊர் என்று ப்ராக்குக்கு டூர் விற்பவர்கள் யாரும் சொல்வதில்லை.

பாலத்தைத் தாண்டி, கார்மேல் சபைத் தெருவில் அந்தக் கோயில். 1611 வாக்கில் ஜெர்மன் லுத்தரன்கள் கட்டத் தொடங்கி, 1624-இல் கார்மேல் துறவிகள் கைக்கு வந்தது. ஸ்பெயினிலிருந்து வந்த சுரூபத்தை 1628-இல் பொலிக்ஸேனா என்ற பிரபு குலத்துப் பெண்மணி துறவிகளுக்குக் கொடுத்தார். மூன்றே வருடத்தில் சாக்ஸனிப் படைகள் சூறையாடியதில் சுரூபத்தின் கைகள் உடைந்தன. பீடத்துக்குப் பின்னால் குப்பையோடு கிடந்ததை 1637-இல் சிரில் என்ற துறவி கண்டெடுத்தார்.

உள்ளே நுழைந்தவர் முதலில் சுரூபத்தைத் தேட வேண்டியிருந்தது. வலப்பக்கப் பீடத்தில், கண்ணாடிக்குள், 47 சென்டிமீட்டர். இவ்வளவு சின்னதா? ஒரு டூரிஸ்ட் குழு வந்து படமெடுத்து, மேலே ஆடை மியூசியத்துக்குப் போனது. மகாராணி மரியா தெரசா 1743-இல் தந்ததாகச் சொல்லும் அங்கி அங்கே இருக்கிறது. இவர் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார். பின்னாலிருந்து யாரும் தள்ளவில்லை, 'நகருங்க, நகருங்க' இல்லை. ஒரு மணி நேரம் அப்படியே போனது. வெளியே வந்து எதிர்ப்பட்ட ஓட்டலுக்குள் நுழைந்து, நான்கு பேர் உட்காரும் மேஜையில் தனியாக உட்கார்ந்து சூப் சொன்னார்.

சூப் வருவதற்குள் வீட்டுக்கு வீடியோ கால் போட்டார். திரையில் அம்மாவுக்குப் பின்னால் மாலைக்கடை. அன்று வியாழக்கிழமை என்பதே அப்போதுதான் உறைத்தது.

"பாத்துட்டேன்மா. மெழுகுவர்த்தி ஏத்திட்டேன்."

"தம்பி என்னமோ டிக்கெட் மாத்துறன்னு சொன்னான்?"

"அது நேத்து."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. வரிசை ஓரடி நகர்ந்தது.

"அங்கி என்ன கலர் போட்டிருக்காங்க?"

"பச்சை."

"இங்கயும் பச்சைதான். சரி, சாப்பிட்டியா?"