சதுப்பு நிலமும் நாட்டு நலமும்

மலையைக் கண்டோர் வியப்பர். வயலைக் கண்டோர் மகிழ்வர். ஆயின், முழங்கால் அளவு நீரும் கருஞ்சேறும் நிறைந்து, கோரையும் சம்பும் மண்டிக் கிடக்கும் சதுப்பு நிலத்தைக் கண்டோர் பெரும்பாலும் முகம் சுளிப்பர். உழவுக்கும் ஆகாது, வீடு கட்டவும் ஆகாது என்று கருதி, அதனை வீண் நிலம் என ஒதுக்குவர். குப்பை கொட்டுவதற்கு அதுவே தக்க இடம் என்று எண்ணுவாரும் உளர். இவ்வெண்ணம் பிழையானது, நாட்டிற்குப் பெருங்கேடு விளைப்பதும் ஆகும்.

சதுப்பு நிலத்தின் பயன் யாது? தமிழ்நாட்டின் வடகடலோரப் பகுதிக்கு ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் பெய்யும் பருவமழையே ஆண்டு முழுமைக்கும் வேண்டிய நீரின் பெரும்பகுதியை வழங்குகிறது. சில வாரங்களில் வரும் நீரைப் பல திங்கள்களுக்குக் காத்து வைத்தல் வேண்டும். மேட்டு நிலத்தில் பெய்த மழை ஓடையாகத் திரண்டு ஓர் ஏரியை நிரப்பும். அங்கு மிகுந்த நீர் கலிங்கின் வழியே வழிந்து அடுத்த ஏரியை அடையும். இவ்வாறு ஏரிதோறும் தங்கி வரும் நீர், இறுதியில் தாழ்நிலமாகிய சதுப்பில் வந்து பரவும். அங்கே அதன் வேகம் தணியும். வண்டல் அடியில் படியும். நீரில் கலந்த அழுக்கில் ஒரு பகுதியைக் கோரையும் நாணலும் தம் வேரால் ஈர்த்துக்கொள்ளும். நீரில் ஒரு பகுதி நிலத்துள் இறங்கும். எஞ்சியது மெல்லக் கடலைச் சேரும். நிலத்தடியில் நன்னீர் நிறைந்திருக்கும் வரையில் கடலின் உவர்நீர் உட்புகுதல் அரிது. ஆதலின், வெள்ளக் காலத்தில் ஊரைக் காப்பதும் கோடையில் கிணறு வற்றாமல் துணைநிற்பதும் இந்நிலமே எனலாம்.

இவ்வுண்மையைப் பழந்தமிழர் நன்கு அறிந்திருந்தனர். ஏரி, குளம், கண்மாய், ஊருணி, ஏந்தல், தாங்கல், கயம், இலஞ்சி என நீர்நிலைக்குத் தமிழில் வழங்கும் பெயர்கள் பல. முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், ஊராட்சிக் குழுக்களுள் ஏரி வாரியத்தையும் குறிக்கின்றன. ஏரியைக் காத்தல் ஊரார் அனைவர்க்கும் உரிய கடமையாக அந்நாளில் மதிக்கப்பட்டது.

அக்கடமையை மறந்தால் என்ன நேரும் என்பதற்குச் சென்னையின் தென்பாலுள்ள பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமே சான்று. ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழை, முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் வழியாக இங்கு வந்து கூடுகிறது. பின்னர், ஒக்கியம் மடுவின் வழியே பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் கழிமுகத்தில் கடலொடு கலக்கிறது. முற்காலத்தில் இச்சதுப்பு ஏறத்தாழ 5,000 ஹெக்டேர் பரப்பில் விரிந்திருந்தது என்பர். நகரம் வளர வளர, அதன் நடுவே சாலைகள் எழுந்தன. கரையெங்கும் கட்டடங்கள் ஓங்கின. ஒரு பகுதி நகரத்தின் குப்பைமேடாயிற்று. நீர் வரும் கால்கள் குறுகின. நீர் வெளியேறும் வழியும் நெருக்குண்டது.

நிலம் மறைந்தாலும் நீர் தன் வழியை மறப்பதில்லை. 2015ஆம் ஆண்டு டிசம்பரில் பெய்த பெருமழையிலும், 2023ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலொடு வந்த மழையிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை முதலிய பகுதிகள் வெள்ளத்தில் ஆழ்ந்தன. இவ்விரு வெள்ளங்களுக்கும் இடையே, 2019ஆம் ஆண்டுக் கோடையில், நகருக்கு நீர் வழங்கும் ஏரிகள் வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து புகைவண்டியில் குடிநீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. மிகுமழையால் தத்தளித்த ஊரே நீருக்காகக் குடத்தொடு நின்றது. இதற்கு வானத்தை மட்டும் குறை கூறலாமா? பெய்த நீருக்குத் தங்க இடம் தராத மக்களின் செயலும் இதற்குக் காரணம் அன்றோ?

பெருகிவரும் மக்களுக்கு வீடும் சாலையும் வேண்டாவோ என்று சிலர் வினவுவர். வேண்டும், அதில் ஐயமில்லை. ஆயினும், நீர் தங்கும் பள்ளத்தில் கட்டிய வீடு, குடியிருப்போர்க்கு நிலையான துயரையே தரும். வெள்ளம் வரும்போது முதலில் உடைமையை இழப்போர், தாழ்ந்த இடத்தில் சிறுகுடில் அமைத்து வாழும் ஏழைகளே. அவர்களை மாற்றிடமும் பிழைக்கும் வழியும் இன்றி அகற்றுதல் அறமன்று. அவ்விடத்திலேயே இடர்ப்பட விடுதலும் அறமன்று. மேட்டு நிலத்தில், தொழில் செய்யும் இடத்திற்கு அண்மையில், அவர்களுக்கு வாழ்விடம் அமைத்தலே முறை.

நல்ல முயற்சிகளும் நடவாமல் இல்லை. பள்ளிக்கரணையின் ஒரு பகுதி 2007ஆம் ஆண்டில் காப்புக் காடாக அறிவிக்கப்பட்டது. ஈரான் நாட்டின் ராம்சார் நகரில் 1971ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் உருவான உடன்படிக்கையின்கீழ், 2022ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1,248 ஹெக்டேர் பரப்பு உலகச் சிறப்புடைய ஈரநிலமாக ஏற்கப்பட்டது. பூநாரையும் கூழைக்கடாவும் நீலத் தாழைக்கோழியும் இன்றும் அங்குக் காணப்படுகின்றன.

ஆயினும் அறிவிப்பு மட்டும் போதாது. சதுப்பை மீட்பதென்பது அதனை ஆழமாகத் தோண்டிக் கரை எழுப்புவதன்று. எங்கும் ஆழமாக்கினால், ஆழமற்ற நீரில் இரை தேடும் பறவைகளுக்கு இடம் இராது. மேலேயுள்ள ஏரிகளைத் தூர் வாருதல், வரத்துக் கால்களைத் திறத்தல், கழிவுநீரைத் தூய்மை செய்த பின்னரே விடுதல், ஆகாயத்தாமரையை அகற்றுதல், கடலுக்குச் செல்லும் வழியைக் காத்தல் ஆகிய யாவும் ஒருங்கே நடைபெற வேண்டும். தலையில் உள்ள ஏரியைப் பாழாக்கிவிட்டு, அடியில் உள்ள சதுப்பை மட்டும் காத்தல் இயலாது.

வேடந்தாங்கல் ஊரார் இதற்கு வழிகாட்டுகின்றனர். அவ்வூர் ஏரியில் கூடு கட்டும் பறவைகளை அவர்கள் இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாகக் காத்து வருகின்றனர். பறவைகளின் எச்சம் கலந்த நீர் அவர்தம் வயல்களுக்கு உரமாகிறது. பறவையும் ஏரியும் வயலும் தம் வாழ்வொடு பிணைந்தவை என்பதை அவர்கள் ஏட்டில் படித்து அறிந்தாரல்லர், வாழ்ந்து அறிந்தனர்.

இன்றைய மாணவரே நாளைய ஊரின் காவலர். தம் ஊரில் பெய்யும் மழை எவ்வோடையில் இறங்கி, எவ்வேரியில் தங்கி, எங்குச் சென்று சேர்கிறது என்பதை ஒவ்வொரு மாணவரும் அறிதல் வேண்டும். நீரின் வழியை அறிந்தவர் அதனை அடைக்க மனம் கொள்ளார். பிறர் அடைக்கவும் வாளா இரார். வீண் நிலம் என்று ஒதுக்கப்பட்ட சதுப்பு ஊரின் உயிர்நிலம் என்பதை உணரும் தலைமுறையே வெள்ளத்தையும் வறட்சியையும் வெல்லும்.