பழைய கம்ப்யூட்டருக்குப் பொருத்தம் பார்ப்போமா?

பெண்ணுக்கு வரன் வந்தால் ஜாதகத்தை வாங்கிப் பொருத்தம் பார்க்கிறோம். புடவைக்கு ரவிக்கைத் துணி எடுக்க வேண்டுமென்றால், புடவையைக் கையில் வைத்துக்கொண்டு நாலு கடை ஏறி இறங்குகிறோம். ஆனால் வீட்டிலுள்ள பழைய கம்ப்யூட்டருக்கு ‘ராம்’ வாங்கப் போகும்போது மட்டும், “இருப்பதிலேயே பெரிதாக ஒன்று கொடுங்கள்” என்று கேட்டுவிடுகிறோமே, இது என்ன நியாயம்?

“அந்தப் பழைய பெட்டியை இன்னமுமா வைத்திருக்கிறார்கள்?” என்று சிரிக்காதீர்கள். 1999, 2000-ஆம் ஆண்டு வாக்கில் வாங்கிய பென்டியம் பெட்டி உறை போர்த்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கும் வீடுகள் உண்டு. அந்நாளைய தமிழ் எழுத்துருக்களில் தட்டி வைத்ததை இன்றைய கம்ப்யூட்டரில் திறந்தால், வெறும் கிறுக்கலாகத் தெரியக்கூடும். மாமனார் ஆசையாக எழுதி வைத்த குடும்ப வரலாறு அதற்குள் இருந்தால், பெட்டியைக் காயலான் கடையில் போட மனசு வருமா?

ராம் என்பது சமையல் மேடை மாதிரி. ஹார்ட் டிஸ்க் அலமாரி. மேடை குறுகலாக இருந்தால், ஒவ்வொரு டப்பாவையும் எடுப்பதும் திரும்ப வைப்பதுமாகவே பொழுது போய்விடும். பழைய கம்ப்யூட்டர் திணறுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். மேடையைப் பெரிதாக்கலாம். ஆனால் பொருத்தம் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

முதலில் உருவப் பொருத்தம். 1990-களின் கடைசியில் வழங்கிய எஸ்.டி.ராம் பட்டையில் 168 முனைகள், விளிம்பில் இரண்டு வெட்டு. அடுத்து வந்த டி.டி.ஆருக்கு 184 முனைகள், ஒரே வெட்டு. டி.டி.ஆர்.2, டி.டி.ஆர்.3 இரண்டுக்குமே 240 முனைகள்தான். ஆனால் வெட்டு இருக்கும் இடம் வேறு. மின்சாரத் தேவையும் வரிசையாக 3.3, 2.5, 1.8, 1.5 வோல்ட் என்று இறங்கிக்கொண்டே போகிறது. தவறான பட்டையைச் செருகிவிடக் கூடாது என்பதற்காகவே வெட்டை இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள். ஆகையால் உள்ளே போக மறுத்தால், பலங்கொண்ட மட்டும் அழுத்தாதீர்கள்!

இரண்டாவது, அளவுப் பொருத்தம். மதர்போர்டில் ‘சிப்செட்’ என்று ஒன்று இருக்கிறது. அந்த வீட்டு மாமியார் அதுதான். எத்தனை ராமை உள்ளே விடலாம் என்பதை அதுவே தீர்மானிக்கிறது. உதாரணமாக, இன்டெல் 815 என்ற சிப்செட் 512 எம்.பி.க்கு மேல் ஏற்றுக்கொள்ளாது.

மூன்றாவதுதான் அநேகரை ஏமாற்றுவது. 1998-ல் வந்த இன்டெல் 440 பி.எக்ஸ். சிப்செட்டை எடுத்துக்கொள்வோம். 256 எம்.பி. பட்டை ஒன்றில் 16 சில்லுகள், சில்லுக்கு 16 எம்.பி. வீதம் இருந்தால், முழுவதையும் ஒழுங்காக எண்ணிவிடும். அதே 256 எம்.பி.யை, சில்லுக்கு 32 வீதம் எட்டே சில்லுகளில் அடக்கிய பட்டையும் உண்டு. ஒரு பானையில் 16 படிக்கு மேல் எண்ணத் தெரியாத கணக்குப்பிள்ளையிடம், 32 படிப் பானைகள் எட்டைக் கொடுத்தால் என்ன சொல்வார்? “128 படிதான் இருக்கிறது” என்று எழுதிவிடுவார். கம்ப்யூட்டரும் அப்படியே பாதியைத்தான் காட்டும். சில சமயம் பட்டையையே கண்டுகொள்ளாது. கடைக்காரரும் பொய் சொல்லவில்லை, பட்டையிலும் பழுதில்லை. பொருத்தம்தான் இல்லை. எனவே வாங்குமுன் பட்டையைத் திருப்பி, இரண்டு பக்கமும் சில்லுகளை எண்ணிப் பாருங்கள்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று சர்வர்களிலிருந்து கழற்றிய ‘ரெஜிஸ்டர்டு’ ராமையும் வாங்கிவிடாதீர்கள். பெரும்பாலான வீட்டுக் கம்ப்யூட்டர்களில் அது ஓடாது.

நான்காவதாக, விண்டோஸின் சம்மதமும் வேண்டும். விண்டோஸ் 98-ல் 512 எம்.பி.க்கு மேல் ராம் இருந்தால், “மெமரி போதவில்லை” என்று அது முறையிடுவதுண்டு. நிறையக் கொடுத்தும் போதவில்லை என்பவர்களை நாம் பார்த்ததில்லையா, என்ன? 256 எம்.பி.யே அதற்குத் தாராளம்.

இவ்வளவும் பார்த்த பிறகும், பெட்டியைத் திறக்குமுன் ஒரு காரியம் பாக்கி இருக்கிறது. கடிதங்களையும் போட்டோக்களையும் முதலில் வேறிடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். ராமை மாற்றுவதால் மட்டும் அவை அழிந்துவிடமாட்டா. அவை ஹார்ட் டிஸ்கில் இருப்பவை. ஆனால் இருபது வயது தாண்டிய ஹார்ட் டிஸ்க் என்றைக்கு மூச்சை நிறுத்தும் என்று யாராலும் சொல்ல முடியாது. பழுதான ராமோ, புதிதாக எழுதும் ஃபைல்களைச் சத்தமில்லாமல் கெடுத்துவிடும். அதனால் புது ராமைப் போட்டதும், ‘மெம்டெஸ்ட்86’ என்ற பரிசோதனையை ஓர் இரவு முழுதும் ஓட விடுங்கள். ஒரு தவறு காட்டினாலும் பட்டையைக் கழற்றிவிடுங்கள்.

வேலை செய்யும்போது நைலான் புடவை வேண்டாம், பருத்தியே உத்தமம். நைலான் உரசலில் உண்டாகும் மின்சாரம் நமக்குத் தெரியாமலே சில்லைச் சுட்டுவிடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் உலோகப் பாகத்தை ஒருமுறை தொட்டுவிட்டு, பட்டையின் ஓரங்களை மட்டும் பிடியுங்கள்.

கடைக்குப் போகும்போது ரவிக்கைத் துணிக்குச் செய்வதையே செய்யுங்கள். பழைய பட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு, மதர்போர்டின் பெயரையும் எண்ணையும் ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டு போங்கள். “சேராவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா?” என்று முதலிலேயே கேளுங்கள். ஆமாம் என்றால், அதை ரசீதில் எழுதி வாங்கிக்கொண்ட பிறகு பணத்தைக் கொடுங்கள்.