பத்தாயிரம் ரூபாய்க் கடனும் பெங்களூருவின் சுவையும்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரே வாரத்தில் என் மேசைக்கு இரண்டு கடன் விண்ணப்பங்கள் வந்தன. முதலாவது, வணிக வளாகம் ஒன்றில் தொடங்கவிருந்த உணவகத்துக்கானது. திட்ட அறிக்கை வழவழப்பான தாளில் அச்சாகியிருந்தது. கேட்ட தொகையில் பாதிக்கு மேல் உள்ளலங்காரத்துக்கும் விளக்குகளுக்கும் ஒதுக்கப்பட்டிருந்தது. சமைக்கப்போகிறவர் யார் என்பது பற்றி ஒரு வரியும் இல்லை. இரண்டாவது, தள்ளுவண்டியில் தட்டு இட்லி விற்கும் அம்மையார் ஒருவருடையது. அவர் கேட்டது பத்தாயிரம் ரூபாய். எதற்காக என்று வினவியபோது, பெரிய இட்லிப் பாத்திரம் ஒன்றும் இரண்டு மூட்டை அரிசியும் வாங்க என்றார்.

பெங்களூரு இன்று உணவுக்குப் பெயர் பெற்ற நகரம். வெளியூரிலிருந்து வருவோர், சாப்பிட வேண்டிய இடங்களின் பட்டியலோடுதான் இரயிலை விட்டு இறங்குகின்றனர். இந்தப் பெயரை ஈட்டித் தந்தது எது என்று கேட்டால், பலரும் முதல் விண்ணப்பத்தைப் போன்ற உணவகங்களையே சுட்டுவர். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஊருக்குப் புதிதாக வந்த ஒருவர், கையிலுள்ள சிறு தொகையைக் கொண்டு தம் ஊர்ச் சமையலை விற்கத் தொடங்க முடிய வேண்டும். அவரைப் போலவே சிறு வருவாய் உள்ள மற்றொருவர் அதை வாங்கி உண்ண முடிய வேண்டும். இவ்விரண்டும் ஒருசேர நிகழும் நகரத்தையே நான் நல்ல உணவு நகரம் என்பேன்.

இந்நகரின் பெயரையே உணவோடு இணைத்து ஒரு கதை சொல்வதுண்டு. வேட்டையில் வழிதவறிய வீரபல்லாள மன்னனுக்கு மூதாட்டி ஒருத்தி வேகவைத்த பயறு கொடுத்தாளாம். அதனால் 'பெந்தகாளூரு' என்ற பெயர் வந்ததாம். ஆனால் அம்மன்னனுக்கு முந்தைய ஒன்பதாம் நூற்றாண்டுப் பேகூர்க் கல்வெட்டிலேயே பெங்களூரு என்ற பெயர் காணப்படுகிறது. கதை பொய்யானாலும் பயறு பொய்யாகவில்லை. மார்கழி பிறந்ததும் வி.வி.புரத்தில் மொச்சைக்கென்றே ஒரு திருவிழா நடைபெறுகிறது. நாம் பிதுக்கம்பருப்பு என்போமே, அதைக் கொண்டு தோசை, உப்புமா, சாம்பார் என்று தொடங்கி இனிப்பு வரை செய்து விற்கின்றனர். நின்றுகொண்டேதான் உண்ண வேண்டும். அதனால் யாரும் குறைபட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

1537-இல் கெம்பே கௌடர் அமைத்த பேட்டைகளில் அக்கிபேட்டை, ராகிபேட்டை, தரகுபேட்டை என்று தானிய வணிகத்தின் பெயர்கள் இன்றும் நிலைத்துள்ளன. 1809-இல் ஆங்கிலேயர் இராணுவக் குடியிருப்பை நிறுவியபோது, சென்னைப் படையோடு தமிழர் பலர் வந்து அல்சூரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் குடியேறினர். பேட்டையும் கண்டோன்மென்ட்டும் 1949 வரை தனித்தனி நிர்வாகத்தில் இருந்தன. ராகிக் களியும் கீரைக் குழம்பும் ஒருபுறம், ரொட்டியும் கேக்கும் மறுபுறம். அவ்விரு உலகங்களையும் இணைத்தவை, என் கணிப்பில், ஐயங்கார் பேக்கரிகளே. 1898-இல் சிக்பேட்டையில் தொடங்கப்பட்ட பி.பி. பேக்கரி அவற்றுக்கு முன்னோடி. ஆங்கிலேயரின் அடுப்பில், முட்டை சேர்க்காமல், பச்சை மிளகாயும் வெங்காயமும் கலந்து காரப் பன் சுட்டெடுத்த அந்தத் துணிவை இன்று எந்தச் சமையற்கலைக் கல்லூரியும் கற்பிக்க இயலுமா என்பது ஐயமே.

1924-இல் உடுப்பிப் பகுதியிலிருந்து சமையற்காரர்களாக வந்த மையா சகோதரர்கள் தொடங்கிய சிறு காப்பிக் கடையே இன்றைய எம்.டி.ஆர். இரண்டாம் உலகப் போரின்போது அரிசி கிடைப்பது அரிதாகவே, ரவையில் இட்லி செய்து பார்த்ததாகவும், ரவா இட்லி அவ்வாறு பிறந்ததாகவும் அந்நிறுவனத்தார் கூறுவர். நெருக்கடி நிலைக் காலத்தில் விலைக் கட்டுப்பாடு வந்து உணவகம் நடத்த இயலாமற்போனபோது, அதே சமையலறை உடனடி மாவுக் கலவைகள் பக்கம் திரும்பியது. 2007-இல் அந்த உணவுப்பொருள் நிறுவனத்தை நார்வே நாட்டு ஓர்க்லா குழுமம் வாங்கியது. 1943-இல் காந்தி பஜாரில் தொடங்கிய வித்யார்த்தி பவனுக்குப் பெயரைத் தந்தவர்கள் பசவனகுடியின் மாணவர்கள். மாணவர் சாப்பிடும் விலையில் தொடங்கிய கடைக்கு முன், இன்று ஞாயிறு காலையில் பணக்காரரும் வரிசையில் நிற்கின்றனர்.

எனினும் இந்நகரின் தலைசிறந்த கண்டுபிடிப்பு ஓர் உணவுப் பண்டமன்று. தர்ஷினி என்னும் கடை முறையே ஆகும். 1983-இல் ஜயநகரில் ஆர். பிரபாகர் தொடங்கிய 'கஃபே தர்ஷினி' அதற்கு வழிகாட்டியது. நாற்காலி இல்லை, பரிமாறுவோர் இல்லை. சீட்டு வாங்கி, தட்டைத் தாமே எடுத்துச் சென்று, உயரமான மேசையருகே நின்று உண்டு, பத்து நிமிடத்தில் அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். சிறிய இடம், குறைந்த ஆள், விரைவான சுழற்சி ஆகியவற்றால் விலையைக் குறைவாக வைக்க முடிந்தது. வணிகவியல் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நடைமுறை மூலதனம் பற்றிய பாடத்தை அக்கடையின் வாசலில் நின்று நடத்தலாம். ஒரு காப்பியை இருவர் பகிர்ந்துகொள்ளும் 'ஒன் பை டூ' வழக்கம் வேறு அதனோடு சேர்ந்துகொண்டது. மேலாளரும் ஆட்டோ ஓட்டுநரும் ஒரே மேசையில் தோளுரச நின்று கேசரி பாத் உண்பதைத் தர்ஷினியில் அன்றாடம் காணலாம்.

இது பெங்களூருவுக்கு மட்டும் உரிய உண்மையன்று. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரை உணவுக்காகப் போற்றுகின்றனர். அங்கு உணவைப் பற்றி எழுதிய ஜோனதன் கோல்ட் 2007-இல் புலிட்சர் பரிசு பெற்றார். உணவக விமர்சகர் ஒருவர் அப்பரிசைப் பெற்றது அதுவே முதன்முறை. அவர் தேடிச் சென்றவை பெரும்பாலும் சாலையோர வணிகத் தொகுதிகளில், கொரியர், மெக்சிகர், தாய்லாந்தினர் போன்ற குடியேறிகள் நடத்திய சிறு கடைகள். ஆயினும் நடைபாதையில் உணவு விற்பதைக் குற்றமாகக் கருதக்கூடாது என்று கலிபோர்னியா சட்டமியற்றியது 2018-இல்தான். தெருவோர வணிகருக்கான நம் நாட்டுச் சட்டம் 2014-லேயே வந்துவிட்டது. சட்டம் இயற்றுவதில் நாம் பின்தங்குவதில்லை.

உணவகத்தாரை அனுப்பிய அதே கடற்கரைப் பகுதியே வங்கியாளரையும் அனுப்பியது என்பது வாசகர்களுக்கு வியப்பாக இருக்கலாம். கனரா, கார்ப்பரேஷன், சிண்டிகேட், கர்நாடகா, விஜயா என்று ஐந்து வங்கிகள் 1906-க்கும் 1931-க்கும் இடையில் மங்களூரிலும் உடுப்பியிலும் தோன்றின. சிண்டிகேட் வங்கி 1928-இல் 'பிக்மி' சேமிப்பைத் தொடங்கியது. முகவர் நாள்தோறும் கடைவாசலுக்கே வந்து சில்லறையைப் பெற்றுச் செல்வார். அன்றாடம் காசு புழங்கும் வணிகத்துக்கு மாதச் சம்பளக்காரரின் வங்கி முறை பொருந்தாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

இன்று அந்த முகவரின் இடத்தில் யு.பி.ஐ. அட்டை இருக்கிறது. வண்டியில் ஒட்டப்பட்ட அந்தச் சிறு கட்டம், விற்பனைக்கு நாள்தோறும் ஒரு சான்றை உருவாக்குகிறது. பிணையம் தர இயலாத ஒருவருக்கு அதைவிடப் பெரிய சொத்து கிடையாது. ஆனால் 2025 ஜூலையில், யு.பி.ஐ. வரவுகளின் அடிப்படையில் மாநில வணிகவரித் துறை சிறு வணிகர்களுக்கு அறிவிப்புகள் அனுப்பியபோது, பல கடைகளில் 'ரொக்கம் மட்டும்' என்ற தாள்கள் தொங்கின. அச்சம் இயல்பானதே. எனினும் கணக்கை அறிந்துகொள்வது நல்லது. உணவு விற்பனை சேவையாகக் கருதப்படுவதால், ஆண்டு விற்றுமுதல் 20 இலட்சத்தைக் கடந்தால் ஜி.எஸ்.டி. பதிவு தேவை. அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 5,480 ரூபாய். காலையும் மாலையும் நடக்கும் கடைக்கு இது எட்டக்கூடிய தொகையே. ஒன்றரைக் கோடி வரை விற்கும் உணவகங்கள் இணக்க வரித் திட்டத்தில் சேர்ந்து, விற்றுமுதலில் 5 விழுக்காடு செலுத்தினால் போதும். ரொக்கத்துக்குத் திரும்புகிறவர் வரியிலிருந்து தப்புவதில்லை. கடன் பெறத் தேவையான சான்றை மட்டும் இழக்கிறார். இந்த விளக்கத்தை அறிவிப்புக்கு முன்பே கடைவாசலில் சென்று சொல்லியிருக்க வேண்டும். வங்கியாளராகிய எங்களுக்கும் அப்பொறுப்பு இருந்தது.

நான் மேலே குறிப்பிட்ட அம்மையார் பி.எம். ஸ்வநிதி திட்டத்தில்தான் கடன் பெற்றார். 2020 ஜூனில் தொடங்கிய அத்திட்டத்தில் முதல் தவணைக் கடன் 10,000, அடுத்தது 20,000, மூன்றாவது 50,000; உரிய காலத்தில் திருப்பிச் செலுத்தினால் 7 விழுக்காடு வட்டி மானியம். 2025-இல் முதலிரண்டு தொகைகளும் 15,000, 25,000 என உயர்த்தப்பட்டு, திட்டம் 2030 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. அவர் இரண்டு கடன்களை ஒருநாளும் தவறாமல் அடைத்தார். ஜூலையில் யு.பி.ஐ. அட்டையின்மேல் செய்தித்தாளை ஒட்டி மறைத்திருந்தார். கணக்கை எழுதிக் காட்டிய பின் கிழித்தெறிந்தார்.

மூன்றாவது கடனுக்கு வந்தபோது, கடை ஒன்று பார்த்து வைத்திருப்பதாகக் கூறினார். பத்தடிக்குப் பத்தடி அறை; வாடகை மாதம் 18,000; வழக்கப்படி பத்து மாத முன்பணம். ஐம்பதாயிரம் ரூபாயில் அதற்கு வழியில்லை. மையா சகோதரர்கள் இன்று இந்நகருக்கு வந்திருந்தால், அவர்களிடமும் முதலில் அந்த முன்பணத்தைத்தான் கேட்டிருப்பார்கள். மாநகராட்சிச் சந்தைகளிலும் மெட்ரோ நிலையங்களின் கீழும் தர்ஷினி அளவில் சிறு அறைகளைக் கட்டி, முன்பணமின்றி நியாயமான வாடகைக்கு விடலாம் என்பது என் யோசனை. தெருவோர உணவு விற்பனையாளர்களுக்குச் சிங்கப்பூர் 1970-களில் அத்தகைய மையங்களைக் கட்டித் தந்தது. அந்தப் பண்பாட்டை யுனெஸ்கோ 2020-இல் தன் பட்டியலில் சேர்த்தது.

அம்மையார் இப்போதும் நடைபாதையில்தான் இருக்கிறார். தட்டு இட்லி காலை ஒன்பதரைக்குள் தீர்ந்துவிடுகிறது.