நெய்வேலியில் பம்புகள் நின்றால்...

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் அழுத்தம் மிகுந்த ஊற்றுநீர் இருக்கிறது. இரவு பகலாக இறைத்து அந்த அழுத்தத்தைத் தணிக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பெயர்ந்துவிடும். இறைத்த நீரில் ஒரு பகுதி சென்னைக்குக் குடிநீராகப் போயிருக்கிறது. ஒரு பகுதி வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி வழியாக வயல்களுக்குப் பாய்கிறது. சுற்றுவட்டாரக் கிணறுகளின் நீர்மட்டம் இறங்கியதற்கும் இதே பம்புகள்தான் காரணம் என்பது விவசாயிகளின் நெடுநாள் குற்றச்சாட்டு. ஆக, சுரங்கம் மூடும் நாளில் ஓர் ஊரின் கிணறு ஊறலாம், இன்னோர் ஊரின் வாய்க்கால் வறளலாம். எந்த ஊருக்கு எது என்று யார் கணக்கிட்டுச் சொல்வது?

ஜெர்மனியின் லவுசிட்ஸ் வட்டாரமும் பழுப்பு நிலக்கரி பூமிதான். சுரங்கநீர் வரத்து நின்றால் வறண்ட கோடையில் ஸ்ப்ரே நதியின் நீர் சில இடங்களில் 75 சதவீதம்வரை குறையக்கூடும், பெர்லினின் குடிநீருக்கே நெருக்கடி வரும் என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை வெளியிட்ட ஆய்வு 2023-இல் எச்சரித்தது. நிலக்கரியைக் கைவிட அவர்கள் வைத்திருக்கும் கெடு 2038. நிலக்கரி வட்டாரங்களுக்கு ஒதுக்கிய தொகை 4,000 கோடி யூரோ. லவுசிட்ஸின் காட்புஸ் நகரில் 2024-இல் ஒரு மருத்துவப் பல்கலைக்கழகமும் தொடங்கினார்கள். மின்சாரத்துக்கும் மருத்துவப் படிப்புக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். 1990-க்குப் பிறகு வேலை பறிபோய், இளைஞர்கள் ஊரைவிட்டுக் கிளம்பியதைக் கண்ட வட்டாரம் அது. சூடுபட்ட பிறகு வந்த புத்தி.

நெய்வேலியில் சோவியத் உதவியுடன் எழுந்த 600 மெகாவாட் முதல் அனல்மின் நிலையம் 2020-இல் மூடப்பட்டது. பெரிய சலசலப்பு இல்லை. பக்கத்திலேயே 1,000 மெகாவாட்டில் புதிய அனல்மின் நிலையம் வந்துவிட்டது. அடுத்த முறை அப்படி இருக்காது. சூரிய மின்சாரம் கமுதியிலும் காற்றாலை முப்பந்தலிலும் வளர்கிறதே தவிர, கடலூர் மாவட்டத்து ஒப்பந்தத் தொழிலாளியின் வீட்டு வாசலுக்கு வருவதில்லை. நிரந்தர ஊழியருக்காவது நிறுவனப் பட்டியலில் இடம் உண்டு. சுரங்க வாசலில் டீக்கடை போட்டவர், லாரிக்குப் பஞ்சர் ஒட்டுகிறவர் எந்தப் பட்டியலிலும் இல்லை. வீடுவீடாகப் போய் எடுக்கும் கணக்கில்தான் இவர்கள் தென்படுவார்கள்.

இந்தக் கணக்கை எடுக்கச் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அருகில்தான் இருக்கிறது. வேளாண்மை, புவி அறிவியல், பொருளியல் எல்லாம் ஒரே வளாகத்தில். கிணற்று மட்டத்தை ஒருவர், மண்ணை ஒருவர், குடும்ப வருமானத்தை ஒருவர் என்று தனித்தனி ஆய்வேடுகளாக அளந்து அலமாரியில் அடுக்குவதால் பயனில்லை. அதே கிராமங்களைப் பத்தாண்டு தொடர்ந்து பார்க்க வேண்டும். செலவைச் சுரங்க நிறுவனம் ஏற்கக் கூடாது. முடிவுகள் தமிழில் ஊராட்சிக்குப் போக வேண்டும். 2023 ஜூலையில் சுரங்க நிறுவனம் வெட்டிய பரவனாற்று வாய்க்காலுக்காக வளையமாதேவியில் வளர்ந்து நின்ற நெற்பயிர் இயந்திரங்களால் நசுக்கப்பட்டது. நிலத்தை எடுப்பவர் கையில் மட்டுமே கணக்கு இருக்கும்வரை எந்த இழப்பீட்டையும் ஊர் நம்பாது.

சட்டத்துறையும் இந்த ஆய்வில் சேர வேண்டும் என்பேன். நிலக்கரி எடுப்பதற்கென்று கையகப்படுத்திய நிலம், நிலக்கரி தீர்ந்தபின் யாருக்குச் சொந்தம்? நிரப்பிச் சமன்செய்த அந்த மண்ணில் நாளை சூரியத் தகடுகள் நின்றால், நிலம் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்த வருமானத்தில் பங்கு உண்டா?