முன் பிரேக்கைக் கவனியுங்கள்!

பழைய பைக்குக்கு இப்போது நல்ல மவுசு.

1985 முதல் 1996 வரை விற்ற யமஹா ஆர்.எக்ஸ்.100க்கு இன்றும் ஆள் அலைகிறது. அப்பா ஓட்டிய திருவொற்றியூர் புல்லட்டை, "என்ன விலை கொடுத்தாலும் தர மாட்டேன்" என்கிறான் பிள்ளை. மைசூரில் தயாரான யெஸ்டியைத் தேடிப் பிடித்து வாங்குகிறவர்களும் உண்டு.

நல்லதுதான். பழசை மதிப்பதில் தப்பில்லை.

ஆனால் அந்த வண்டிக்குச் செய்கிற செலவைப் பாருங்கள். பெயிண்டுக்குப் பணம். குரோமியம் முலாமுக்குப் பணம். தெருவே தூக்கம் கலைந்து எழுகிற மாதிரி சத்தம் போடும் சைலன்சருக்குப் பணம். என்ஜினைப் பிரித்து, போர் போட்டு, புது பிஸ்டன் மாட்டுவதற்கும் யோசிக்காமல் பணம்.

முன் பிரேக்குக்கு?

"அது கிடக்குதுண்ணே! கேபிளை ஒரு திருகு டைட் பண்ணி விடு, போதும்!"

ஓடுகிற வண்டி நிற்க வேண்டாமா?

குப்புறத் தள்ளுமா?

நம் ஊரில் ஒரு பயம் உண்டு. "முன் பிரேக்கைப் பிடிக்காதே, குப்புறத் தள்ளிடும்!" சைக்கிள் கற்றுக்கொண்ட காலத்தில் ஏறிய பயம் இது. வேலைக்குப் போய், கல்யாணமாகி, பைக் வாங்கிய பிறகும் இறங்கவில்லை. காலை மட்டும் நம்பி வண்டி ஓட்டுகிறவர்கள் எத்தனையோ பேர். வலது கை விரல் லிவர் பக்கமே போவதில்லை.

பஸ்சில் நின்றுகொண்டு போகிறவர்களுக்கு விஷயம் தெரியும். டிரைவர் பிரேக் அடித்தால் எல்லோரும் எந்தப் பக்கம் சாய்கிறோம்? முன் பக்கம்தானே! பைக்கிலும் அதேதான். பாரம் முன்னால் வருகிறது. முன் டயர் ரோட்டை அழுத்திப் பிடிக்கிறது. பின் டயர் லேசாகிவிடுகிறது. லேசான டயரை எவ்வளவு மிதித்தாலும் அது வழுக்கிக்கொண்டுதான் போகும். நிறுத்துகிற வேலையில் பெரும் பங்கு முன் சக்கரத்துடையது. மணலிலும் மழை ஈரத்திலும் வெடுக்கென்று பிடிக்கக் கூடாது என்பது வேறு விஷயம்.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடும். கண் பார்த்து, கை பிடிக்கவே ஒரு நொடி போய்விடும். அதற்குப் பிறகு இரண்டு பிரேக்கும் நன்றாகப் பிடித்தால், காய்ந்த ரோட்டில் சுமார் 20 மீட்டரில் நிறுத்தலாம். பிரேக்குக்குப் பாதி பலம்தான் என்றால் 40 மீட்டர் வேண்டும். கூடுதலாக ஓடுகிற அந்த 20 மீட்டருக்குள் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை ரோட்டைக் கடந்துகொண்டிருக்கலாம்.

இன்னொன்று. 2019 ஏப்ரல் முதல் விற்கிற புது வண்டிகளில் 125 சி.சி.க்கு மேல் என்றால் ஏ.பி.எஸ். கட்டாயம். 125 சி.சி. வரை என்றால் ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டும் சேர்ந்து பிடிக்கும் சி.பி.எஸ். ஆவது இருக்க வேண்டும். பழைய வண்டிக்கு இது கிடையாது. ஆனால் ரோடு ஒன்று, சிக்னல் ஒன்று. முன்னால் போகிற புது வண்டி டக்கென்று நிற்கிறது. பின்னால் வருகிற பழைய வண்டி?

என்ஜினுக்குக் கிடைத்த கவனிப்பு பிரேக்குக்குக் கிடைக்காதது நேற்று ஆரம்பித்த கதை அல்ல. யமஹா ஆர்.டி.350 வெளிநாடுகளில் முன் டிஸ்க் பிரேக்கோடு ஓடிய வண்டி. அதுவே 1983இல் ராஜ்தூத் பெயரில் இங்கே வந்தபோது, முன்னால் இருந்தது டிரம்!

டிஸ்க்குக்கு முன்னால்...

"டிஸ்க் மாட்டிடலாம் சார்" என்று சொல்லாத மெக்கானிக் இல்லை. கொஞ்சம் பொறுங்கள். இருக்கிற டிரம்மை முதலில் திறந்து பாருங்கள்.

ஷூ தேய்ந்ததை மறைக்க ஒரு கைவேலை இருக்கிறது. பிரேக் ஆர்மைக் கழற்றி, ஒரு பல் தள்ளி மாட்டிவிடுவார்கள். லிவர் டைட்டாகிவிடும், வண்டிக்காரரும் சந்தோஷமாகப் போவார். உள்ளே கேம் அளவுக்கு மீறித் திரும்பி நிற்கும். ஒரு நாள் அது திரும்பி வராமல் சிக்கிக்கொண்டால் சக்கரமே பூட்டிக்கொள்ளும். இதைச் செய்து கொடுப்பதற்குப் பெயர் ரிப்பேர் அல்ல.

லைனிங் கண்ணாடி மாதிரி பளபளத்தால் பிடிக்காது. கிரீஸ் குடித்த ஷூவைத் துடைத்துப் போட்டுப் பிரயோசனமில்லை, தூக்கி எறியுங்கள். டிரம் வட்டம் கெட்டிருந்தால் ஸ்போக் கட்டிய சக்கரத்தோடு லேத்தில் பிடித்துச் சீவ வேண்டும், அதுவும் அளவு தாண்டாமல். மாட்டும்போது ஆக்சில் நட்டை லூசாக வைத்து, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, பிரேக்கைப் பிடித்தபடியே நட்டை முடுக்கினால் ஷூ நடுவில் உட்காரும். இதற்குக் காசே வேண்டாம்! புதுக் கேபிளும் நல்ல ஷூவும் சேர்ந்தாலும் ஒரு சைலன்சர் விலை வராது.

உள்ளே இருக்கும் தூசியை மட்டும் வாயால் ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். நுரையீரலைக் கெடுக்கும் சரக்கு அது. பட்டறைப் பையன்கள் ஊதுவதைப் பார்த்தால் முதலாளிகள் தடுக்க வேண்டும்.

புல்லட்காரர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. பிந்திய புல்லட்களில் வந்த 7 அங்குல டிரம்மில் இரண்டு கேம். இரண்டு ஷூவும் சக்கரம் சுற்றுகிற போக்கிலேயே இழுத்துப் பிடிக்கும். இரண்டையும் இணைக்கும் கம்பியைச் சரியாக வைக்காவிட்டால் ஒரு ஷூதான் வேலை செய்யும், மற்றது சும்மா சுற்றிப் பார்க்கும்.

அரைகுறை வேலை

டிஸ்க்தான் வேண்டும் என்றால் முழுசாகச் செய்யுங்கள். ஜி.பி. ரோட்டில் புதுசு கிடைக்கும், புதுப்பேட்டையில் பழசு கிடைக்கும். ஆனால் ஒரு வண்டியின் காலிபர், இன்னொரு வண்டியின் மாஸ்டர் சிலிண்டர் என்று கிடைத்ததை மாட்டினால் லிவர் கல்லாக இருக்கும், அல்லது கைப்பிடி வரை வந்து இடிக்கும். டிரம் வண்டியின் ஃபோர்க்கில் பட்டையை வெல்டிங் வைத்துக் காலிபர் தொங்கவிடுவது உயிரோடு விளையாடுகிற வேலை. டிஸ்க்குக்கென்று செய்த ஃபோர்க், ஹப், காலிபர், மாஸ்டர் சிலிண்டர் நான்கும் ஒரே வண்டியுடையதாக வரட்டும். டயர் மொட்டையாக இருந்தால் அதையும் மாற்றுங்கள். வழுக்குகிற டயருக்கு நல்ல பிரேக் கொடுத்தால் சீக்கிரம் வழுக்கும், அவ்வளவுதான்.

அதிகாரிகளுக்கு

பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு. சட்டம் இருக்கட்டும். ஆனால் சைலன்சரைக் கழற்றி ஊரைக் கலக்குகிறவனையும், ஒழுங்கான பிரேக் போட நினைக்கிறவனையும் ஒரே தட்டில் வைக்கலாமா? எந்த மாற்றத்துக்கு அனுமதி வேண்டும், எதற்கு வேண்டாம் என்று ஆர்.டி.ஓ. அலுவலக வாசலிலேயே தமிழில் எழுதிப் போடட்டும்.

15 வருடம் முடிந்த பைக் மறுபதிவுக்கு வருகிறது. சேசிஸ் நம்பர் பார்க்கிறார்கள், லைட் போட்டுப் பார்க்கிறார்கள். அதே இடத்தில், காலை எடுத்துவிட்டு முன் பிரேக்கால் மட்டும் வண்டியை நிறுத்திக் காட்டச் சொல்லட்டும். அரை நிமிட வேலை.