பேட்டா பிச்சையல்ல!



தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் சயான் கோலிவாடாவிலிருந்தும் நம்மவர்கள் வெல்டர், பிட்டர், ரிக்கர், லாரி ஓட்டுநர் என்று வெளியூர் வேலைக்குக் கிளம்புகிறார்கள். வாப்பியிலோ அங்கலேஷ்வரிலோ ஜாம்நகரிலோ ஷட்டவுன் வேலை என்றால் இருபது நாள், ஒரு மாதம் ஆகிவிடுகிறது. நிமிர்ந்து போனவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்புகிறார். நெஞ்செரிச்சல் என்கிறார், மூலம் என்கிறார். நாற்பது வயதுக்குள் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் வந்து குடியேறிவிடுகின்றன. மருத்துவரிடம் போனால், "எண்ணெயைக் குறையுங்கள், காய்கறி சாப்பிடுங்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள்" என்று சொல்லி அனுப்புகிறார்.

நல்ல அறிவுரைதான். யார் மறுத்தார்கள்? ஆனால் நாம் கேட்கிறோம்: பன்னிரண்டு மணி நேர ஷிப்டு, அரை மணி நேரச் சாப்பாட்டு இடைவேளை, ஆலையின் வாசலில் நிற்பதோ ஒரே ஒரு வடாபாவ் வண்டி. அங்கே கீரையும் காயும் எந்தக் கடையில் கிடைக்கும்? நோய்க்குக் காரணம் தொழிலாளியின் நாக்குதான் என்று தீர்ப்புச் சொல்கிறவர்கள், அவன் சட்டைப்பையை ஒருநாளாவது எட்டிப் பார்த்ததுண்டா?

நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருப்பதாக, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023-இல் வெளியான ஆய்வு கூறியது. அத்தனை பேரும் நாக்கு அடங்காதவர்களா? மலிவாகக் கிடைப்பதெல்லாம் மைதாவும் சர்க்கரையும் பொரித்த எண்ணெயுமாக இருந்தால், மலிவானதை மட்டுமே வாங்க முடிந்தவன் எதைத் தின்பான்? வயிறு நிரம்பும், உடம்பு நிரம்பாது.

இரயிலையே எடுத்துக்கொள்வோம். பொதுப்பெட்டிப் பயணிகளுக்காக இரயில்வே 2023-இல் 20 ரூபாய்ச் சாப்பாடு ஒன்றைக் கொண்டுவந்தது. விலையை நாம் வரவேற்கிறோம். பொட்டலத்தைப் பிரித்தால் ஏழு பூரி, உருளைக்கிழங்கு, ஊறுகாய். பருப்பு எங்கே? ஒரு கைப்பிடிக் கொண்டைக்கடலை எங்கே? இரண்டு நாள் இரயிலில் உட்கார்ந்து போகிறவன் மூன்று வேளையும் பூரியும் கிழங்குமே தின்றால் குடல் என்ன ஆகும்? ஏழைக்குப் பசி மட்டும்தான் உண்டு, உடம்பு கிடையாது என்று நினைத்துவிட்டார்களா?

இனி ஒப்பந்தக்காரர் கதைக்கு வருவோம். "கூலியில் எல்லாம் அடக்கம், சாப்பாடு உன் பாடு" என்பது அவர் பாடும் பழைய பாட்டு. பேட்டா கொடுத்தாலும் ஏதோ தயவு செய்வதுபோல் கொடுக்கிறார். தோழர்களே, கிரேன் ஓட வேண்டுமென்றால் டீசல் போட வேண்டும். அந்தச் செலவைக் கிரேனின் தலையில் யாரும் கட்டுவதில்லை. ஊரைவிட்டு, வீட்டு அடுப்பைவிட்டு, அவருடைய வேலைக்காகப் போகிற மனிதனின் சோற்றுச் செலவு மட்டும் மனிதன் தலையிலா? பேட்டா பிச்சையல்ல, அதுவும் கூலியில் ஒரு பங்கு.

இதைச் சட்டமே ஒருகாலத்தில் ஓரளவு ஒப்புக்கொண்டிருந்தது. ஒப்பந்தக்காரர் மூலம் வேறு மாநிலத்துக்குச் செல்லும் தொழிலாளிக்கு மாதக் கூலியில் பாதிக்குக் குறையாத இடப்பெயர்ச்சிப் படி, போக வரக் கட்டணம், பயண நாட்களுக்கும் கூலி என்று 1979-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. நம்மில் எத்தனை பேர் அதைக் கண்ணால் கண்டோம்? 2025 நவம்பர் 21 அன்று புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோது அந்தச் சட்டமும் போய்விட்டது. ஊருக்குப் போய்வரும் கட்டணம் புதிய தொகுப்பிலும் இருக்கிறது. இடப்பெயர்ச்சிப் படி இல்லை.

ஆனால் அதே தொகுப்பில் நமக்குப் பயன்படும் ஒன்றும் இருக்கிறது. தொழிற்சாலையில் 250 பேருக்கு மேல் வேலை செய்தால்தான் கேண்டீன் என்பது பழைய விதி. இப்போது 100 பேர் இருந்தாலே கேண்டீன் வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளரையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆகவே, "கேண்டீன் கம்பெனி ஆட்களுக்கு மட்டும்" என்று வாசலில் தடுத்தால் தலைகுனிந்து திரும்பாதீர்கள். எங்கள் தலையையும் எண்ணித்தானே இந்தக் கேண்டீன் என்று கேளுங்கள். தனியாகக் கேட்காமல் பத்துப் பேராய்ச் சேர்ந்து கேளுங்கள்.

நம் வீடுகளுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பேட்டாவை மிச்சம் பிடித்து ஊருக்கு அனுப்புவது நம்மவர்களிடம் பெருமையாகிவிட்டது. ஒரு பேச்சுக்கு, நாளைக்கு 200 ரூபாய் பேட்டாவில் 100 ரூபாய் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். இருபது நாளில் 2,000 ரூபாய். காலையில் டீயும் பிஸ்கட்டும், மதியம் இரண்டு வடாபாவ் என்று வயிற்றைச் சுருக்கிச் சேர்த்த பணம் அது. திரும்பி வந்து நாலு நாள் படுத்தால் கூலியும் போகும், மருந்துச் செலவும் சேரும். சுவர் இருந்தால்தான் சித்திரம். "பணம் எவ்வளவு மிச்சம்?" என்று கேட்பதற்கு முன், "என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேளுங்கள் தாய்மார்களே!

உரிமை கிடைக்கும்வரை உடம்பு காத்திருக்காது. கையிலிருக்கும் காசுக்குள் செய்யக்கூடியது சில உண்டு. முதல் நாளுக்குப் புளிச்சோறோ, மிளகாய்ப்பொடி தடவிய இட்லியோ கட்டிக்கொண்டு போகலாம். கட்டிக்கொடுத்த சோறு எத்தனை நாளைக்கு? அதனால் பையில் பொட்டுக்கடலையும் வறுத்த வேர்க்கடலையும் இருக்கட்டும். அவை கெடாது, பிஸ்கட்டைவிட நெடுநேரம் பசி தாங்கும். வாழைப்பழமும் அவித்த முட்டையும் எந்த ஊரிலும் கிடைக்கும். தாபாவில் பூரிக்கும் பக்கோடாவுக்கும் பதிலாக ரொட்டியும் தாலும் கேளுங்கள். வெங்காயமும் எலுமிச்சையும் கேட்டால் தருவார்கள். மராட்டியக் கடைகளில் முளைகட்டிய பயறு உசள் கிடைக்கும்; அது நம் சுண்டலுக்கு அண்ணன். டீக்குச் சர்க்கரையைக் குறைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரைக் குறைக்காதீர்கள். கழிப்பிடம் இல்லையென்று தண்ணீர் குடிக்க அஞ்சும் நம் பெண்களின் துன்பமும் இந்தப் போராட்டத்தில் சேர்ந்ததே. குடிநீரும் கழிப்பிடமும் கேட்காமல் சோறு மட்டும் கேட்பது பாதிக் கோரிக்கை.

ஒரு மாதத்துக்கு மேல் தங்குகிற வேலையானால் தனித்தனியாகக் கடையில் தின்னாதீர்கள். பத்துப் பேர் சேர்ந்து ஓர் அடுப்பு வையுங்கள். சமைப்பவருக்கு எல்லோரும் சேர்ந்து கூலி கொடுங்கள். முன்னுரிமை ரேஷன் அட்டை உள்ளவர்கள், தங்கும் ஊரின் ரேஷன் கடையிலேயே தங்கள் பங்குத் தானியத்தை வாங்கலாம். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் 2022-க்குள் எல்லா மாநிலங்களுக்கும் வந்துவிட்டது.

இந்த மும்பைக்குச் சேர்ந்து உண்பது புதிதல்ல. ஊரில் குடும்பத்தை விட்டுவந்த மில் தொழிலாளிகளுக்குச் சோறு போட்டவை, பெண்கள் தங்கள் வீட்டிலேயே நடத்திய கானாவளிகள். கடன்காரன் பிடியில் சிக்கியிருந்த அந்தப் பெண்களை 1975-இல் பிரேமா புரவ் 'அன்னபூர்ணா மகிளா மண்டல்' என்று ஒன்றுசேர்த்தார். வங்கிக் கடன் வந்தது. கரண்டி பிடித்த கைகளுக்கு மதிப்பும் வந்தது. அடுப்படியில் இருந்தவர்களே சங்கம் கண்டார்களே, அந்தச் சோற்றைத் தின்று வேலை செய்கிற நாம் காண முடியாதா?

ஆகவே நாம் கேட்பது இவை: பேட்டா கூலிக்கு வெளியே, தனியாக, அந்தந்த ஊர் விலைவாசிக்கு ஏற்ப வேண்டும். பயண நாளுக்கும் கூலியும் பேட்டாவும் வேண்டும். கேண்டீன் இல்லாத இடத்தில் அடுப்பும் பாத்திரமும் நல்ல தண்ணீரும் சமையலுக்கு ஓர் ஆளும் வேண்டும். இரயிலின் மலிவுச் சாப்பாட்டில் பருப்போ பயறோ வேண்டும்.

அடுத்த முறை மேஸ்திரி ஆள் கேட்டு வரும்போது, கூலி எவ்வளவு என்று கேட்ட அதே மூச்சில் சோறு என்ன என்றும் கேளுங்கள். அவர் பதில் சொல்லும்வரை பெட்டி கட்டாதீர்கள்!